நிரந்தரமானதை ஆங்கிலத்தில் எழுதிய கதை

விண்ணப்பத்தின் மற்ற பகுதிகளை அரை மணி நேரத்தில் நிரப்பிவிட்டேன். ஒரு வரிக்கு மட்டும் மூன்று நாள் ஆனது. திருமங்கலம் பக்கம் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தேன், பிறகு நிரந்தரமானேன். இதை வெளிநாட்டு நிறுவனத்துக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

‘கன்ஃபர்ம்டு’ என்று எழுதினேன். ஆலையில் எங்கள் வாயில் வருவது அந்தச் சொல்தான். ஒத்தக்கடை மாமா வழக்கறிஞர் ஒருவரிடம் நெடுங்காலம் குமாஸ்தாவாக இருந்தவர். படித்தவுடன் பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்துவிட்டார். “தகுதிகாண் பருவம் முடித்தவருக்குத்தானம்மா இந்தச் சொல். முதல் நாளே உன்னை நிரந்தர இடத்தில் எடுத்தார்கள் என்று ஆகிவிடும். உன் கையில் இருக்கும் ஆணை அப்படியா சொல்கிறது?”

‘ரெகுலரைஸ்டு’ என்று மாற்றினேன். அதற்கும் தலையசைத்து மறுத்தார். அது அரசுப் பணியில் சொல்லும் வரன்முறை. நியமன நடைமுறையில் இருந்த குறையைச் சரிசெய்வதே வரன்முறை, அந்தச் சொல் நிரந்தரத்தைக் குறிக்காது என்று உச்ச நீதிமன்றமே 2006 உமாதேவி வழக்கில் எடுத்துக்காட்டியிருக்கிறது என்றார். இத்தனை ஆண்டுகளாக இரண்டையும் ஒன்றென்று நினைத்திருந்தேன்!

எனக்குக் கிடைத்தது வேறு. தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும். எண்ணெய்க் கறை படிந்த வருகை அட்டைகளைத் தரையில் பரப்பி, நாள் நாளாக நானே எண்ணியிருக்கிறேன். அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘பெர்மனென்ட் ஸ்டேட்டஸ்’ என்று இருப்பதை மாமா விரல் வைத்துக் காட்டினார்.

ஆகவே எளிமையாக முடித்தோம்: ‘ஜாயின்டு அஸ் டெம்பரரி லேப் அசிஸ்டென்ட், மார்ச் 2017, மேட் பெர்மனென்ட், ஜூன் 2019.’ வேலையைப் பற்றிச் சொன்னால் ‘பிகேம் பெர்மனென்ட்’, ஆளைப் பற்றிச் சொன்னால் ‘வாஸ் மேட் பெர்மனென்ட்’. ‘பெர்மனென்டட்’ என்று ஒரு சொல்லே கிடையாது. இரண்டு தேதிகளையும் ஒரே வேலையின் கீழ் எழுதுவது முக்கியம். பிரித்து எழுதினால் வேலை மாறியதாக நினைப்பார்கள்.

நேர்காணலில் கேள்வி கேட்ட அம்மையார் ‘ஜூன் 2019’ என்பதை ஆணையின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அடுத்த கேள்வி நூலின் இழுவிசையைப் பற்றியது.