இரண்டு பாட்டோடு மூடி வைத்த ஆல்பம்

பழைய ஹார்ட் டிஸ்க்கில் வேறு எதையோ தேடப்போய் ஜாபிரேக்கர் என்ற அமெரிக்க பங்க் ராக் குழுவின் 'டியர் யூ' ஆல்பம் கண்ணில் பட்டது. 13 பாட்டு. அதில் நான் கேட்டிருந்தது இரண்டே இரண்டு, அதுவும் இருபது வயதில், மூக்கைச் சுளித்துக்கொண்டு.

ஏன் சுளித்தேன் என்றால், அதற்கு முந்தைய ஆல்பம் '24 ஹவர் ரிவெஞ்ச் தெரபி' எனக்கு வேதம். அதன் பெரும்பகுதியைப் பதிவு செய்தவர் ஸ்டீவ் ஆல்பினி. கரகரப்பு அப்படியே இருக்கும். அப்புறம் இவர்கள், பெரிய கம்பெனிப் பக்கம் போகவே மாட்டோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், போய் கெஃபன் என்ற பெரிய கம்பெனியின் டிஜிசி லேபிளில் கையெழுத்துப் போட்டார்கள். தயாரிப்பாளர், கிரீன் டே குழுவின் 'டூக்கி' ஆல்பத்தைச் செய்த ராப் கவாலோ. 1995இல் ஆல்பம் வந்தது. புதுப் பாட்டை எடுத்தால் ரசிகர்கள் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்களாம், அடுத்த வருடமே குழு கலைந்துவிட்டது. இந்தக் கதை முழுவதும் எனக்குப் பாட்டைக் கேட்பதற்கு முன்பே தெரியும். தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு வழக்கைக் கேட்ட மாதிரிதான்.

சரி, இப்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு ராத்திரி முழுசாகக் கேட்டேன். 'ஆக்சிடென்ட் புரோன்' வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு, பங்க்கில் அதற்குள் மூன்று பாட்டே முடிந்திருக்கும். அவசரமே இல்லை. பாடகர் பிளேக் ஷ்வார்ஸன்பாக் கத்தவில்லை, கிட்டத்தட்ட பேசுகிறார், களைத்துப்போய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் பேசுவது போல. அந்தக் குரலைத்தான் 'வழவழப்பாக்கிவிட்டார்கள், காசுக்காக' என்று நானும் திட்டியிருக்கிறேன். அந்த மனிதர் சில வருடங்களுக்கு முன்பே தொண்டையில் சதை வளர்ந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்! பழைய மாதிரி தொண்டை கிழியக் கத்தச் சொல்லிக் கேட்க நான் யார்?

எல்லாமே பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். கிட்டார்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அடைத்துவிட்டார்கள், சில இடங்களில் மூச்சு முட்டுகிறது. கிறிஸ் பவர்மைஸ்டரின் பேஸ் கிட்டார் இன்னும் கொஞ்சம் மேலே வந்திருக்கலாம். 'ஃபயர்மேன்' இப்போதும் எனக்கு ஒட்டவில்லை, ஏன் அதைப் போய் தனிப் பாட்டாக, சிங்கிளாக விட்டார்கள் என்று தெரியவில்லை.

கடையில் கிடைக்காமலே போயிருந்த இந்த ஆல்பத்தை, டிரம்மர் ஆடம் ஃபாலர்தான் 2004இல் தன் சொந்த லேபிளில் மறுபடி வெளியிட்டார். 2017இல் சிகாகோவில் ரயட் ஃபெஸ்ட் என்ற இசை விழாவில் மூன்று பேரும் திரும்பவும் மேடை ஏறினார்கள். அந்த நிகழ்ச்சியின் வீடியோவையும் நேற்று தேடிப் பார்த்தேன். கூட்டம் மேடையைப் பார்த்துத்தான் நிற்கிறது.