ஸ்பாக் இல்லாத உலகம்

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடரில், கூர்காது கொண்ட வேற்றுக்கிரகவாசி ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாய் போனது 2015 பிப்ரவரி 27. வயது 83. நாள்பட்ட நுரையீரல் நோய். சிகரெட்டை விட்டு முப்பது வருடம் ஆகியும் அது அவரை விடவில்லை. இதை அவரே ரசிகர்களிடம் வெளிப்படையாகச் சொல்லி, இப்போதே நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதற்கே அவரைக் கும்பிடலாம்.

ஸ்டார் ட்ரெக்கின் 1982 படத்தில், கப்பலைக் காப்பாற்றக் கதிர்வீச்சு அறைக்குள் போய் ஸ்பாக் உயிரை விடுவாரே! கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நண்பன் நிற்க, விரல்களைப் பிரித்துக் கண்ணாடியில் கையை வைப்பார். இன்றும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்த விரல் வணக்கமே நிமாய் கொண்டுவந்ததுதான். சிறுவயதில் பாஸ்டனில், யூதர்களின் தொழுகைக் கூடத்தில் குருமார்கள் ஆசி சொல்லும்போது கையை அப்படி வைப்பதைப் பார்த்திருக்கிறார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒரு பக்கம், மற்ற இரண்டும் இன்னொரு பக்கம்.

அவர் இறந்த மறுநாள், விண்வெளி நிலையத்திலிருந்து விண்வெளி வீரர் டெர்ரி விர்ட்ஸ் அதே வணக்கத்தைப் படம் எடுத்துப் போட்டார். பின்னால் பூமி, அதில் பாஸ்டன் பகுதி. கனடா ரசிகர்களோ, ஐந்து டாலர் நோட்டில் இருந்த பழைய பிரதமருக்குக் கூர்காதும் சாய்ந்த புருவமும் வரைந்து ஸ்பாக் ஆக்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட அன்பு!