இலுலிசாட்: கேட்டதும் கேளாததும்

என் காதுக் கருவிக்குப் பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய 312 எண் பேட்டரி வேண்டும். நான்கு அட்டை வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தேன். நான் கிரீன்லாந்து போய்ச் சேர்ந்தேன், பெட்டி சேரவில்லை. கோபன்ஹேகனில் ஏறி, கங்கர்லுசுவாக்கில் இறக்கை விசிறி சுழலும் சின்ன விமானத்துக்கு மாறி, இலுலிசாட்டில் இறங்கியபோது கையிருப்பு இரண்டே பேட்டரிகள், காதுக்கு ஒன்றாக. இடது காதில் இருந்ததைப் போட்டு அதற்குள் ஐந்து நாள் ஆகியிருந்தது. "பனியின் சத்தம் கேட்க வந்தவருக்கு நல்ல வரவேற்பு" என்றாள் மகள். அவளுக்கு டென்மார்க்கில் வேலை. 2022 ஆகஸ்டில் விடுமுறை எடுத்து என்னை அழைத்துப் போனவள் அவள்தான்.

பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மனிதச் செவி உணர்வது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! 20-க்குக் கீழே குற்றொலி. அதற்கு எடுத்துக்காட்டாக யானையையும் திமிங்கலத்தையும் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவேன். பனிக்கட்டியும் அந்த வரிசையில் வரும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

இலுலிசாட் என்றால் கிரீன்லாந்து மொழியில் பனிப்பாறைகள் என்று பொருள். இதைவிடப் பொருத்தமான பெயர் அந்த ஊருக்குக் கிடையாது. தெருக்கோடியில் கட்டடம் நிற்கிறது என்று பார்த்தால் அது பனிப்பாறை. செர்மெக் குயாலெக் என்ற பனியாறு உள்ளே வெகு தொலைவில், நாளொன்றுக்குச் சுமார் 40 மீட்டர் வேகத்தில் கடலை நோக்கி நகர்கிறது; 2012 கோடையில் 46 மீட்டரைத் தொட்டது. அதிலிருந்து உடைந்தவை நீண்ட கடல் இடுக்கு வழியாக மிதந்து வருகின்றன. இடுக்கின் வாயில், முன்னொரு காலத்தில் பனியாறு இழுத்து வந்து குவித்த கல்மேடு நீருக்கடியில் இருக்கிறது. பெரிய பாறைகள் அதில் தரைதட்டி, கரைந்து இளைக்கும்வரை நிற்கின்றன. 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம் இது.

ஊருக்கு வெளியே, சதுப்பு நிலத்தின் மேல் போட்ட பலகைப் பாதையில் நடந்தால் செர்மெர்மியுட். பழங்குடியினர் வாழ்ந்து நீங்கிய குடியிருப்பு. அங்கே கரைக்கு இறங்கும் இடத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகை: கரையில் நடக்காதீர்கள், பனிப்பாறை உடைந்தால் திடீரெனச் சுனாமி அலை வரும், உயிர் போகலாம். சுனாமி என்ற சொல்லை அங்கே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. இரண்டடி பின்வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மாலை படகில் போனோம். படகோட்டி வலையால் ஒரு பனித்துண்டை அள்ளி, உடைத்து, ஆளுக்கொரு குவளைப் பழச்சாற்றில் போட்டுக் காதருகே பிடிக்கச் சொன்னார். மகளின் முகம் மலர்ந்துவிட்டது. எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் இருக்கிறதாம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த பனிக்குள் சிக்கி, மேலே குவிந்த எடையில் நசுங்கிய காற்றுக் குமிழ்கள், பனி உருகும்போது ஒவ்வொன்றாகத் தெறிக்கின்றன. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முதுமையில் முதலில் போவது உச்சத்து ஒலிகள், எனக்கும் அப்படித்தான். ஆனால் சற்று நேரத்தில் தொலைவில் ஒரு பாறை பிளந்து, ஐப்பசி இடிபோல் உருண்டது. அது கருவியின் உதவி இல்லாமலே கேட்டிருக்கும். அவளுக்குக் கடுகு, எனக்கு இடி என்று பிரித்துக்கொண்டோம்.

நான் இவ்வளவு தூரம் வந்ததோ இருவருக்குமே எட்டாத மூன்றாவது ஒலிக்காக. 2003-இல் யோரான் எக்ஸ்ட்ரோம், மெரிடித் நெட்டில்ஸ் உள்ளிட்ட நிலநடுக்க ஆய்வாளர்கள் பழைய பதிவுகளில் விசித்திரமான சில நடுக்கங்களைக் கண்டார்கள். அளவில் 5-ஐ ஒட்டியவை. ஆனால் ஓர் அதிர்வு முடியவே அரை நிமிடத்துக்கு மேல். விரைவான அதிர்வுகளைத் தேடும் வழக்கமான முறைகளில் இவை சிக்கவில்லை. பல நடுக்கங்கள் கிரீன்லாந்தின் பனியாறுகளிலிருந்து வந்தன. செர்மெக் குயாலெக்கும் அவற்றுள் ஒன்று.

காரணம் பின்னால் தெளிவாயிற்று. நூறு கோடி டன் எடையுள்ள பனிப்பாறை பனியாற்றின் முகப்பிலிருந்து பிரிந்து தலைகுப்புறப் புரள்கிறது. புரளும்போது முகப்பைப் பின்னோக்கி உதைக்கிறது. 2013-இல் தென்கிழக்கே ஹெல்ஹெய்ம் பனியாற்றின் மேல் ஜிபிஎஸ் கருவிகளை வைத்து அளந்தார்கள். உதை வாங்கிய பனியாறு சில நிமிடங்கள் பின்னோக்கியே நகர்ந்திருக்கிறது! அந்த அதிர்வை உலகெங்குமுள்ள நிலநடுக்கமானிகள் பதிவு செய்கின்றன. பக்கத்திலேயே நிற்கும் மனிதனுக்கு வெடிப்பும் முழக்கமும் மட்டும்தான் மிச்சம்.

அன்றிரவு விடுதியில் மகள் தன் கைபேசியில் ஒரு பதிவைப் போட்டாள். இது அண்டார்டிகாவின் ராஸ் பனித்தட்டு. 2014 இறுதியில் தொடங்கி அங்கே 34 அதிர்வுமானிகளைப் பனியில் புதைத்தார்கள். மேற்பரப்பிலுள்ள பனிமேடுகளைக் காற்று தடவும்போது பனிப்போர்வை ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருப்பது தெரிந்தது. 2016 ஜனவரியில் வெப்பம் ஏறி மேற்பனி உருகியபோது அந்தச் சுருதி இறங்கியது. குளிர் திரும்பிய பிறகும் முழுமையாகப் பழைய நிலைக்கு வரவில்லை. 2018-இல் முடிவுகள் வெளிவந்தபோது, பதிவை ஏறத்தாழ 1,200 மடங்கு வேகப்படுத்திக் காதுக்கு எட்டவைத்தார்கள். மகளுக்கு அது பிடித்திருந்தது. எனக்கு அவ்வளவாக இல்லை. ஆலாபனையை 1,200 மடங்கு வேகத்தில் ஓட்டி, இதுதான் தோடி என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா? சுருதி இறங்கியதைத் தாளில் ஒரு கோடாகப் பார்ப்பதே எனக்குப் போதும். வாதம் முடிவதற்குள் இடது காதில் எச்சரிக்கை மணி ஒலித்து, பேட்டரி தீர்ந்தது.

மூன்றாம் நாள் காற்று. காதுக் கருவி அணிந்தவர்களுக்குத் தெரியும்: ஒலிவாங்கியில் காற்று அடித்தால் லாரி ஏறுவதுபோல் இரையும். குற்றொலி ஆய்வாளர்களுக்கும் இதே தொல்லைதானாம். அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்க அமைத்த உலக வலையமைப்பின் குற்றொலி நிலையம் ஒன்று இதே கிரீன்லாந்தில், வடக்கே கானாக்கில் இருக்கிறது. இத்தகைய நிலையங்களில் பல வாய்கள் கொண்ட குழாய்களைத் தரையில் பரப்பி, எல்லா வாய்களின் அழுத்தத்தையும் ஒன்றுசேர்த்துக் காற்றின் இரைச்சலைக் கழிக்கிறார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. வலது காதின் கருவியையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மகளுடன் மீண்டும் செர்மெர்மியுட்டுக்கு நடந்தேன்.

எச்சரிக்கைப் பலகைக்கு மேலே, வழுவழுப்பான பாறையில் உட்கார்ந்தோம். கொசுவைக் காற்று விரட்டியிருந்தது. அந்த மட்டில் லாபம். ஒரு மணி நேரம் போயிருக்கும். கீழே, கரையோரக் கற்களைச் சுற்றியிருந்த நீர் மெல்லப் பின்வாங்கியது. சிறு பனித்துண்டுகள் கல்லின் மேல் தங்கிப்போயின. பிறகு நீர் திரும்பி ஏறி, முன்பு உலர்ந்திருந்த ஒரு வரிசைக் கற்களை நனைத்து, மறுபடி இறங்கியது. நுரை இல்லை. எதிரே இருந்த பனிப்பாறைகளில் எதுவும் உடைந்ததாகத் தெரியவில்லை.

வலது காதின் கருவியை அவசரமாக மாட்டிக்கொண்டேன்.

"உனக்கு ஏதாவது கேட்டதா?" என்றேன்.

"இல்லையே அப்பா" என்றாள், நீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.