பூசணியின் காது

பிப்ரவரி 9, இரவு

41.

பிப்ரவரி 10

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. கை நடுங்கியது என்றால் நாடகமாக இருக்கும். கையெல்லாம் தேன், அதுதான் காரணம்.

நேற்றுக் காலை 7 மணிக்குப் பூசணி, சர்க்கரை நோய் வந்த என் பூனை, பாதித் தட்டுதான் சாப்பிட்டான். பாதி. பார்த்தேன். பார்த்துவிட்டும் 2 யூனிட் இன்சுலினை முழுசாகப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். வேலைக்கு நேரமாகிவிட்டது.

மதியம் 1 மணிக்கு மறந்துபோன ஒரு காகிதத்தை எடுக்க வீட்டுக்கு வந்தேன். சாவிச் சத்தம் கேட்டால் கதவுக்கு ஓடி வருகிறவன் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இழுத்து வெளியே விட்டேன். பின்னங்கால் இரண்டும் எண்ணெய் கொட்டிய தரையில் நடப்பது போல வழுக்கின. கண்ணில் மஞ்சளே இல்லை, முழுக்கக் கருமணி. தலை மட்டும் லேசாக ஆடிக்கொண்டே இருந்தது, யாரிடமோ இல்லை இல்லை என்று சொல்வது போல.

அப்போதும் நான் சர்க்கரை பார்க்கிற மீட்டரைத்தான் தேடினேன். காதைக் குத்தினால் ரத்தம் போதவில்லை, ஸ்ட்ரிப் வீண். இன்னொன்று. 41. இதில் நாலு நிமிஷம் போய்விட்டது. தள்ளாடுகிற பூனைக்கு முதலில் சர்க்கரை, அப்புறம்தான் கணக்கு என்று டாக்டர் பிறகு சொன்னார். கோபப்படாமல் சொன்னார். கோபப்பட்டிருக்கலாம்.

தேனை விரலில் தொட்டு, உதட்டைத் தூக்கி ஈறில் தேய்த்தேன். வாயில் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பது மட்டும் எப்படியோ நினைவிருந்தது. வலிப்பு வரவில்லை. வந்திருந்தால் பல்லுக்கு நடுவே விரல் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

15 நிமிஷம் கழித்து 58. தலையாட்டம் நின்றது. காலையில் மிச்சம் வைத்த அதே பாதியை இப்போது வழித்துத் தின்றான். இன்னும் 20 நிமிஷத்தில் 83. நான் அதோடு முடிந்தது என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். தம்பிதான் போனில் கத்தினான். "அக்கா, தேன் கொஞ்ச நேரம்தான் தாங்கும். காலையில போட்ட ஊசி உள்ள இன்னும் வேலை செஞ்சுகிட்டு இருக்கு. கிளம்பு முதல்ல."

ஆஸ்பத்திரியில் இரவு 8 வரை வைத்திருந்து அனுப்பினார்கள். இரவு ஊசி வேண்டாம், மறுநாள் காலையும் கேட்காமல் போடாதே என்றார் டாக்டர். இனிமேல் 2 இல்லை, 1.

பிப்ரவரி 11

காலை 318. நேற்று முன்தினம் 41, இன்று 318. உடனே ஊசி போடக் கை துறுதுறுத்தது.

டாக்டருக்கு போன். அவ்வளவு கீழே போனால் உடம்பே பதறிக்கொண்டு கல்லீரலில் சேர்த்து வைத்ததை எடுத்துக் கொட்டும், அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு ஓடாதே என்றார். ஒரு வேளை ஊசி தவறினால் பெரிய நஷ்டமில்லை. கூடினால் யோசிக்க நாட்கள் இருக்கின்றன, குறைந்தால் நிமிஷங்கள்தான்.

இரவு, சாப்பிட்டு முடித்த பிறகு, 1 யூனிட். தட்டைக் கவிழ்த்துப் பார்த்த பிறகு.

பிப்ரவரி 12

நன்றாகத்தான் இருக்கிறான். தலையணை உறையில் இன்னும் தேன் ஒட்டுகிறது.

பிப்ரவரி 13, அதிகாலை 3 மணி

பூனை ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்கும். இத்தனை வருஷமாக இது வேடிக்கையான விஷயம். இப்போது பாருங்கள்: தூங்குகிற பூனையும் சர்க்கரை இறங்கிக் கிடக்கிற பூனையும் இருட்டில் ஒரே மாதிரி.

12 மணிக்கு எழுப்பினேன். 1:30க்கு எழுப்பினேன். இப்போது எழுப்பப் போகிறேன்.

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழ மாட்டான், அது சுகமாக இருந்த காலத்திலேயே கிடையாது. காது நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரை ஒரு விரலால் தொட்டால் காது மட்டும் தனியாகச் சடக்கென்று திரும்பும், ஈயை விரட்டுவது போல. உடம்பு அசையாது, கண் திறக்காது. காது திரும்பினால் போதும், நான் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

இது சரியான சோதனையா என்று டாக்டரிடம் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால்?

பிப்ரவரி 14

எங்கள் மீட்டர் மனிதருக்கானது. பூனை ரத்தத்தை அது பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டும் என்று சொல்கிறார்கள். அப்படியானால் அன்றைக்கு 41 என்பது நிஜத்தில் 50, 55கூட இருந்திருக்கலாம். பின்னங்கால் வழுக்கியதை எந்த மீட்டர் குறைத்துக் காட்டியது?

பாதித் தட்டு.

பிப்ரவரி 15

இன்று குத்துவதற்குச் சண்டை போடவில்லை. துணியை வெதுவெதுப்பாக்கிக் காதில் ஒரு நிமிஷம் பிடித்தேன், டார்ச்சைப் பின்னால் வைத்தேன். காது முழுக்கச் சிவந்து, ஓரத்தில் நரம்பு ஒரு பேனாக் கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில்தான் குத்த வேண்டும். பின்பக்கம் பஞ்சை மடித்து வைக்காவிட்டால் ஊசி காதைத் தாண்டி என் விரலில் இறங்கும், இறங்கியிருக்கிறது. கடுகளவு ரத்தம். ஸ்ட்ரிப் அதை உறிஞ்சுகிற அந்த ஐந்து நொடியில் நான் மூச்சு விடுவதில்லை.

204. ஒரு துண்டு மீன் கொடுத்தேன். குத்தினால் மீன் என்று அவன் முடிவுக்கு வந்துவிட்டான் போல, மீட்டர் பையின் ஜிப் சத்தத்துக்கே வந்து உட்காருகிறான். பையின் மேல் எனக்கு வெறுப்பு, அவனுக்குப் பாசம்.

பிப்ரவரி 16

தம்பி வாங்கி வந்த சிரிஞ்சுப் பெட்டியில் மூடியெல்லாம் சிவப்பு. எங்களிடம் இருந்தவை ஆரஞ்சு. நிறம்தானே என்று ஒன்றைப் பிரித்தும்விட்டேன். அப்புறம் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால், இது ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கிற இன்சுலினுக்கான சிரிஞ்சு, நம் குப்பியில் மில்லிக்கு 100. இதில் 1 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட்.

"மூடிக் கலர்லகூடவா அர்த்தம் இருக்கும், அக்கா?" என்றான். பாவம், அவனைத் திட்ட எனக்கு அருகதை இல்லை. அன்றைக்கு நான் கிளம்பிப் போனதைவிட இது ஒன்றும் பெரிய தப்பில்லை.

பெட்டி மொத்தத்தையும் வீட்டைவிட்டு அனுப்பிய பிறகுதான் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 17

தேன் புட்டி மூன்று இடத்தில்: அடுப்படி, கட்டிலுக்குப் பக்கம், என் கைப்பை. கைப்பையில் எதற்கு என்று கேட்காதீர்கள்.

பிப்ரவரி 18

ஊசி போடும்போது துள்ளிவிட்டான். ரோமம் ஈரம். முகர்ந்தால் ப்ளாஸ்திரி வாடை, இன்சுலினேதான். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு ரோமத்தில்? யாருக்குத் தெரியும். இன்னொரு தடவை போடக் கூடாது, அடுத்த வேளை வரை சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது இருக்கிறதே.

பிப்ரவரி 20

லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க இரண்டு மணிக்கொருதரம் பார்த்தேன்.

7 மணி 241, அப்போது ஊசி. 9க்கு 198. 11க்கு 132. 1 மணிக்கு 96. 3க்கு 104. 5க்கு 167. 7க்கு 226.

தாளில் புள்ளி வைத்துச் சேர்த்தால் அழகான ஒரு கிண்ணம். கிண்ணத்தின் அடி மதியம் 1 மணி. அதாவது நான் காகிதத்தை மறந்து வந்த அதே நேரம். அன்றைக்கு மறக்காமல் எடுத்துப் போயிருந்தால் திரும்பி வர மாலை 6 ஆகியிருக்கும்.

தம்பி கிண்ணத்தைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான். அம்மா, "இது என்னடா, பூனைக்கு ராங்க் கார்டா" என்று கேட்டாள்.

பிப்ரவரி 22

காலை, ஊசிக்கு முன், சாப்பாட்டுக்கு முன்: 88.

போடவா? சிரிஞ்சில் இழுத்துவிட்டேன். 1 யூனிட் என்பது ஒரு கோட்டின் தடிமன் அளவு மருந்து, கையில் பிடித்தால் காலி சிரிஞ்சு மாதிரிதான் இருக்கிறது. கொட்டிவிட்டேன். முதலில் கொட்டினேன், அப்புறம் டாக்டரைக் கூப்பிட்டேன். சரியாகத்தான் செய்திருக்கிறாய் என்றார். அந்த வார்த்தைக்கு இப்படி அழுவேன் என்று நினைக்கவில்லை.

சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போகும் என்றார். மாவுச்சத்து குறைந்த ஈர உணவு, நோய் தெரிந்த முதல் சில மாதங்கள், அப்போது நடந்தால் உண்டு. திரும்ப வரவும் வரும். ஊசி தேவைப்படாமல் போவதற்கு முதல் அறிகுறியே சில சமயம் இப்படித் திடீரென்று இறங்குவதுதானாம்.

அப்படியென்றால் அந்த 9ஆம் தேதி பாதித் தட்டால் மட்டும் வந்ததில்லையா? கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எதைத் தூக்கிக்கொண்டு அலைவது?

பிப்ரவரி 23

ஊசி இல்லை. காலை 110, இரவு 121.

பிப்ரவரி 24

ஊசி இல்லை. 117.

பரணில் ஏறினான். கணுக்காலைத் தரையில் தேய்த்து நடந்துகொண்டிருந்தவன் பரணில் ஏறினான். இறங்கத் தெரியவில்லை.

பிப்ரவரி 26

நல்ல எண் வந்தால் ஏன் எனக்குச் சந்தோஷம் வராமல் பயம் வருகிறது? 100ஐப் பார்த்தால் 41க்குப் போகிற வழி என்று தோன்றுகிறது. ஊசியே போடாதவனுக்கு அப்படி இறங்காது என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். தலைக்குப் புரிகிறது, கைக்குப் புரியவில்லை. கை ராத்திரி தானாகவே போய்க் காதைத் தொடுகிறது.

பிப்ரவரி 27, அதிகாலை 2:40

காது திரும்பவில்லை. விளக்கைப் போட்டேன், தோளைப் பிடித்து உலுக்கினேன், தேன் மூடியைத் திறந்தேன்.

கடித்துவிட்டான்.