வீரோ செல்லில் பிளாக் எண்ணுதல்: ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

வைரஸ்: ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1. வைரஸ் செல்லைக் கொன்ற இடத்தில் படலத்தில் விழும் ஓட்டைதான் பிளாக்; அதை எண்ணி, மி.லி.க்கு எத்தனை தொற்றும் வைரஸ் என்று கணக்கிடுவதே வேலை. ஆறு வெல் (குழி) பிளேட் இரண்டு. வெல்லுக்கு 6 லட்சம் வீரோ செல் (குரங்குச் சிறுநீரகச் செல்), 10% சீரம் சேர்த்த மீடியம் (வளர்ப்புத் திரவம்) 2 மி.லி. பிளேட்டை வட்டமாகச் சுழற்றினால் செல்லெல்லாம் நடுவில் குவிந்துவிடும். முன்பின், இடவலம் என்று நகர்த்துவதே சரி.

வைரஸ் வழிந்து பரவாமலிருக்க மேலே ஊற்றும் கெட்டித் திரவம், கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 2.4%, இன்றே தயார். தூளை மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். கலக்கி சுற்றும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவணும். பிறகு ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்).

மார்ச் 4, செவ்வாய்

செல் இடைவெளியின்றிப் படர்ந்திருக்கிறது. ஓட்டை விழுந்த படலத்தைச் சாயமேற்றினால் அதுவும் பிளாக் போலவே தெரியும்.

சீரமில்லா மீடியம் 900 மைக்ரோலிட்டரில் வைரஸ் 100. இப்படியே படிக்குப் பத்து மடங்கு நீர்த்து 10⁻⁶ வரை. ஒவ்வொரு படிக்கும் புது பிப்பெட் டிப் (உறிஞ்சுமுனை). பழைய டிப்பின் சுவரில் ஒட்டிய வைரஸ் அடுத்த குழாய்க்கும் போய், எண்ணிக்கையைப் பொய்யாக ஏற்றிவிடும். 10⁻⁴, 10⁻⁵, 10⁻⁶ மூன்றுக்கும் மும்மூன்று வெல்; வைரஸ் இல்லாமல் மூன்று.

வெல்லுக்கு 200 மைக்ரோலிட்டர், 37 டிகிரி, ஒரு மணி நேரம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை சாய்த்து ஆட்டாவிட்டால் நடுப்பகுதி காய்ந்து செல் செத்துப்போகும். பிறகு வைரஸ் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, இருமடங்குச் செறிவு மீடியமும் செல்லுலோஸும் சரிபாதி கலந்து மேலே 2 மி.லி.

மார்ச் 5, புதன்

பிளேட்டைத் தொடவில்லை. இந்தச் செல்லுலோஸ் மேல்பூச்சு அகரோஸ் (கூழாக உறையும் பொருள்) மாதிரி இறுகாது. எடுத்து எடுத்துப் பார்த்தால் வைரஸ் வழிந்து, பிளாக்குக்கு வால் முளைக்கும். அதைச் சுற்றிக் குட்டிப் பிளாக் வேறு.

மார்ச் 7, வெள்ளி

மேல்பூச்சை எடுத்து, செல்லை நிலைப்படுத்த 10% ஃபார்மலின் ஒரு மணி நேரம். கிரிஸ்டல் வயலட் சாயம் 0.1%, 15 நிமிடம். குழாய்நீரில் மெதுவாக அலசல். ஊதாப் படலத்தில் வெள்ளைப் புள்ளிகள். வைரஸ் இல்லாத வெல்லில் ஒன்றுமில்லை.

10⁻⁴: ஒன்றோடொன்று கலந்துவிட்டது, எண்ண முடியாது. 10⁻⁵: 42, 38, 46. 10⁻⁶: 4, 3, 6. பத்தில் ஒரு பங்காக இறங்கியிருப்பதால் நீர்த்தல் சரி. கடைசி வரிசையில் 15, 20 வந்திருந்தால் டிப்பைத்தான் சந்தேகிக்கணும். சராசரி 42 ÷ (0.2 × 10⁻⁵) = மி.லி.க்கு 2.1 × 10⁷ பிளாக் அலகு.

இதே குப்பியை, வைரஸின் டிஎன்ஏவை நகலெடுத்து எண்ணும் பிசிஆரில் போட்டால் எண் இதைவிடப் பெரிதாகவே வரும். அது செத்த துகளின் மரபணுவையும் சேர்த்து எண்ணும். தொற்றுத்திறன் கேட்பவருக்கு அந்த எண்ணைக் கொடுக்கக் கூடாது.

இருப்பு −80 டிகிரியில், சிறு சிறு குப்பிகளாக. ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறைய வைத்தால் இந்த 2.1 × 10⁷ செல்லாது, மறுபடி எண்ணித்தான் லேபிள் ஒட்டணும்.