பையன்களுக்கு ஏன் முடி கொட்டுகிறது? தை, மாசிக் குறிப்புகள்

பிப்ரவரி 3

சீப்பில் வந்த முடியைப் பேப்பரில் மடித்து டாக்டரிடம் கொண்டுபோகிற பையன்களைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். நல்ல காரியம்தான். எண்ணிக்கையைவிட முனை முக்கியம். ஒரு முடியை வெள்ளைத்தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் தெரிந்தால், அது தன் காலம் முடிந்து உதிர்ந்தது. வேரே போய்விட்டது என்று பதற வேண்டியதில்லை, முடி முளைக்கும் குழி தோலுக்குள்ளேயே இருக்கிறது. தினம் 50 முதல் 100 முடி இப்படிப் போவது எல்லோருக்கும் உண்டு. மூன்று நாள் கழித்துத் தலைக்குக் குளித்தால் மூன்று நாள் பாக்கியும் அன்றே கையில் வரும்.

குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக வந்தால் அது நடுவில் ஒடிந்த முடி. பல்லடம், காங்கேயம் பக்கம் சோப்பு நுரைக்காத போர் தண்ணீர் செய்வது இதைத்தான்: முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், ஒடியும். முளைக்கிற குழியை அது தொடாது. கடைசியில் ஒரு சொம்பு நல்ல தண்ணீரை ஊற்றி அலசினாலே பாதி சரியாகும்.

"விடுதிக்குப் போய்த் தண்ணி மாறினதுலதானுங்க கொட்டுது" என்பது பலரும் சொல்வது. விடுதிக்குப் போகிற வயது பதினேழு, பதினெட்டு. பரம்பரை வழுக்கை தலைகாட்டத் தொடங்குவதும் அதே வயதில். தண்ணீர்தான் காரணம் என்றால் பக்கவாட்டிலும் பிடரியிலும் சேர்ந்தே கொட்ட வேண்டும். நெற்றியில் மட்டும் ஏன்?

பிப்ரவரி 6

இந்த மாதம் தலை முழுக்கச் சீராகக் கொத்துக்கொத்தாகக் கொட்டினால், முதலில் கேட்க வேண்டியது: "கார்த்திகையில காய்ச்சல் வந்துச்சா கண்ணு?" மழைக்கால டெங்கு, டைபாய்டு எதுவானாலும் முடி உடனே கொட்டாது, இரண்டு மூன்று மாதம் கழித்தே கொட்டும். காய்ச்சலும் அதற்குள் மறந்துபோயிருக்கும்.

நடப்பது இதுதான். தலையில் பத்தில் ஒன்பது பங்கு முடி வளரும் கட்டத்தில் இருக்கும், மீதி ஓய்வில். கடுங்காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, பட்டினி மாதிரி டயட் ஏதாவது வந்தால் வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு சுமார் மூன்று மாதம். பிறகு எல்லாம் சேர்ந்து விழும். அடியில் புது முடி கிளம்பியிருப்பதால்தான் பழையது விழுகிறது.

பொதுவாக ஆறு மாதத்துக்குள் உதிர்வு தானாக அடங்கும். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், அடர்த்தி கண்ணுக்குத் தெரிய இன்னும் நாளாகும். இங்கேதான் ஏமாற்று நடக்கிறது. மூன்றாம் மாதம் எண்ணெய் வாங்கித் தேய்ப்பார்கள், ஐந்தாம் மாதம் அதுவாக நிற்கும், பேர் எண்ணெய்க்கு.

பிப்ரவரி 10

பரம்பரை வழுக்கை. டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோன், ஐந்து ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதியால் டி.ஹெச்.டி. என்ற வேறு ஹார்மோனாக மாறுகிறது. அந்த ஹார்மோன் எல்லோர் உடம்பிலும் உண்டு. சிலருடைய முன்நெற்றி, உச்சி முடிக்குழிகள் மட்டும் அதற்குக் கூடுதலாக வசப்படும். ஒவ்வொரு சுற்றிலும் முடி இன்னும் மெலிசாக, குட்டையாக முளைக்கும். பிடரி முடிக்கு அந்த வம்பு இல்லை. அதனால் பிடரியில் ஒன்று, உச்சியில் ஒன்று எடுத்துப் பக்கத்தில் வைத்தால் பருமன் வித்தியாசம் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

"அப்பிச்சி (அம்மாவின் அப்பா) தலையைப் பாரு, உன் தலை தெரியும்" என்பது பாதி உண்மை. ஆண் ஹார்மோனுக்கு முடிக்குழி வசப்படக் காரணமான ஆண்ட்ரோஜன் ஏற்பி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, பையனுக்கு அது அம்மா வழியாக வரும். ஆனால் இதில் பங்குள்ள மரபணுக்கள் நிறைய. அப்பாரு (அப்பாவின் அப்பா) வழியும் சேரும்.

பயப்படுவதற்கு முன் ஒரு சோதனை. புருவத்தை உயர்த்தினால் விழும் மேல் மடிப்பிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி முடிவரிசை இருந்தால், அது பெரும்பாலும் சின்னப் பையன் நெற்றி ஆம்பளை நெற்றியாக மாறுவது. அதைத் தாண்டி இரு ஓரமும் உள்ளே போனாலோ, உச்சியில் தோல் தெரிந்தாலோ கவனிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காய்ந்த முடியில், அதே வெளிச்சத்தில் போட்டோ எடுத்தால் போதும். தினம் கண்ணாடியில் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

பிப்ரவரி 13

தைப்பூசம் முடிந்து பழனி மொட்டையோடு ஊரெல்லாம் பையன்கள். வேண்டுதலுக்கு அடித்தால் சரி. அடர்த்திக்கு என்றால் பலனில்லை. கத்தி தோலுக்கு மேலே வெட்டுகிறது, குழி உள்ளே இருக்கிறது. வெட்டிய முனை மொண்ணையாக இருப்பதால் தடிப்பாகத் தெரியும், அவ்வளவே.

பிப்ரவரி 17

திட்டாகக் கொட்டுவது வேறு கணக்கு. காசு அளவில் வழவழப்பாக இருந்தால் புழுவெட்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிக்குழியைத் தாக்குவது அது. கண்டதை அரைத்துத் தேய்த்துப் புண்ணாக்காமல் தோல் டாக்டரிடம் போக வேண்டும். செதிலும் கருப்புப் புள்ளியும் இருந்தால் பூஞ்சை. களிம்பு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். சீப்பு, துண்டு, முடிவெட்டும் மெஷின் வழியாகப் பரவும். ஒழுங்கில்லாத திட்டில் முடி பல நீளத்தில் நின்றால், படிக்கும்போது கை தலைக்குப் போய் முடியைப் பிடுங்குகிறதா என்று பாருங்கள். அதற்காகப் பையனை ஏசினால் பழக்கம் கூடும்.

பிப்ரவரி 20

பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறார்களா, ஜிம்மில் யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா, இரண்டாலும் முடி கொட்டலாம் என்பதால் பையனைத் தனியாகக் கேட்க வேண்டும். அப்பா பக்கத்தில் இருந்தால் பதில் வராது. பொடுகுத் தலைக்கு எண்ணெய் ஊற வைக்க வேண்டாம், பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்குக் கொழுப்புதான் சாப்பாடு. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூ, வாரம் இரண்டு முறை, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசினால் சில வாரத்தில் அடங்கும்.

பிப்ரவரி 24

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), டி.எஸ்.ஹெச். (தைராய்டு) பெரும்பாலும் போதும். காய்ச்சலின்போது ஃபெரிட்டின் பார்த்தால் இரும்புச்சத்து இருப்பதுபோல் பொய்யாக உயர்ந்து காட்டும். முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுப்பவர் ஊசி குத்தும் முன்பே சொல்லிவிட வேண்டும், தைராய்டு முடிவு தப்பாக வரும். கம்பஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை.

தலையில் தடவும் முடி மருந்தான மினாக்சிடில் 18 வயதுக்குக் கீழே கூடாது என்று லேபிளிலேயே இருக்கிறது. வழுக்கைக்குத் தரும் ஃபினாஸ்டரைடு மாத்திரையும் அந்த வயதுக்கு இல்லை. மினாக்சிடிலை மெடிக்கலில் நேராகக் கேட்டு வாங்கி, முதல் சில வாரத்தில் கூடுதலாகக் கொட்டுவதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் அதிகம். டாக்டர் எழுதித் தந்து தொடங்கினால், பலன் உண்டா இல்லையா என்று பார்க்கவே நான்கு முதல் ஆறு மாதம் தினமும் போட வேண்டும்.