ஊர் லைசென்ஸை சிங்கப்பூரில் மாற்ற நினைப்பவர்களுக்கு: பி.டி.டி. தியரி தேர்வை லேசாக எண்ணாதீர்கள்

எஸ் பாஸ், இ.பி. என்று ஏதோ ஒரு வேலை பாஸில் வந்திறங்கிய நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இந்தியாவில் எடுத்த ஊர் லைசென்ஸ் இருக்கிறதே, இங்கே கார் எடுக்கலாமா என்பதுதான். எடுக்கலாம். லைசென்ஸ் காலாவதியாகாமல் இருக்க வேண்டும், ஊரில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கிய இன்டர்நேஷனல் பர்மிட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இதெல்லாம் 12 மாதத்துக்குத்தான். ஒவ்வொரு லீவுக்கும் போய்ப் புது பர்மிட் வாங்கி வந்தால் காலத்துக்கும் ஓட்டலாம் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது, நம்பாதீர்கள். கெடு தாண்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு, அந்த நேரம் பார்த்து எங்காவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது.

அதைச் சிங்கப்பூர் லைசென்ஸாக மாற்றுவது பெரிய வேலை இல்லை. சொந்த உபயோகத்துக்கு கார் ஓட்டுபவர்களைச் சொல்கிறேன், டிரைவர் வேலைக்கே வந்தவர்களுக்கு விதி வேறு, அவர்கள் கம்பெனியில் கேட்டுக்கொள்வது நல்லது. ஊரில் கார் லைசென்ஸ் வைத்திருந்தால் இங்கே ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை, பி.டி.டி. என்கிற அடிப்படைத் தியரி தேர்வை மட்டும் எழுதினால் போதும். 50 கேள்வி, அதில் 45 சரியாக இருக்க வேண்டும். புக்கிட் பாத்தோக், ஊபி, உட்லண்ட்ஸ் பயிற்சி நிலையங்களில் எழுதலாம்.

இங்கேதான் பழைய கைகள் சறுக்குகின்றன. பத்து வருஷம் சென்னை டிராஃபிக்கில் ஓட்டியவருக்கு இதில் என்ன படிக்க இருக்கிறது என்று தோன்றும். இரண்டு ஊரிலும் இடது பக்கம்தான் ஓட்டுகிறோம், ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான், அதனால் எல்லாமே ஒன்று என்று மனசு நம்பிவிடுகிறது. யூ டர்னை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் 'கூடாது' என்று பலகை இல்லாவிட்டால் திரும்பலாம். இங்கே 'திரும்பலாம்' என்று பலகை இருந்தால் மட்டுமே திரும்ப வேண்டும். கேள்வியில் பலகையே இல்லாத ஒரு சாலைப் படத்தைக் காட்டுவார்கள், அனுபவசாலியின் விரல் நேராகத் தப்பான விடைக்குப் போகும்.

அடுத்தது கோடுகள். சாலையோரம் ஒற்றை மஞ்சள் கோடு என்றால் காலை 7 முதல் இரவு 7 வரை நிறுத்தக்கூடாது, ஞாயிறும் பொது விடுமுறையும் விலக்கு. இரட்டை என்றால் எப்போதுமே கூடாது. அதுவே வளைந்து வளைந்து போனால்? ஒற்றை வளைவுக்கோட்டில் ஆளை ஏற்றி இறக்கிவிட்டு உடனே கிளம்பலாம், இரட்டை வளைவில் அதற்கும் நிற்கக்கூடாது. திரையில் இரண்டு படமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், கோட்டை எண்ணிப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். வெள்ளைக் கோடு, மஞ்சள் பெட்டி, பேருந்துத் தடத்தின் நேரம் என்று இது நீண்டுகொண்டே போகும்.

இதற்கு எனக்கு உதவியது மாடிப் பேருந்தின் மேல்தளத்து முன் சீட். வேலைக்குப் போகும் வழியில் அங்கே உட்கார்ந்து, போனைப் பையில் போட்டுவிட்டு, கீழே வரும் ஒவ்வொரு கோட்டுக்கும் பலகைக்கும் மனசுக்குள் அர்த்தம் சொல்லிக்கொண்டே வருவேன். போக்குவரத்துப் போலிஸின் அடிப்படைத் தியரி புத்தகத்தை முதலில் ஒருமுறை முழுசாகப் படித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேடிக்கை பார்த்ததுதான் மிச்சம். மாதிரிக் கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்பவர்கள், படம் கொஞ்சம் மாறினாலே முழிக்கிறார்கள். எண்களையும் விடாதீர்கள்: வேறு வேகப் பலகை இல்லாத சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், விதி மீறினால் போடும் குறைபாட்டுப் புள்ளி 24 மாதத்தில் 24 சேர்ந்தால் லைசென்ஸ் தற்காலிகப் பறிப்பு, இந்த மாதிரி.

தேர்வுத் தேதி எப்போதும் கேட்டவுடன் கிடைத்துவிடாது, பதினோராவது மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள். பாஸானதும் ஊர் லைசென்ஸ், வேலை பாஸ் விவரங்களுடன் போக்குவரத்துப் போலிஸிடம் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஊர் லைசென்ஸ் அதற்குள் காலாவதியாகும் போலிருந்தால், முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு மற்ற வேலையை ஆரம்பியுங்கள்.